ஆறாம் மாதத்து எடை: மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டுக்கொண்ட ஒரு தாயின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் தென் கெடாவில், கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டப்புறப் பட்டணத்தின் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் நான் தாதியாக இருக்கிறேன். 2022 மார்ச் முதல் 2024 மே வரை எங்கள் தாய்சேய்ப் பிரிவுக்கு வந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு இது. அவரும், பின்பாதியில் வரும் அவருடைய ஓரகத்தியும் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்களையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிட்டேன். இதில் நடந்த முதல் தவறு என்னுடையது. அதனால் நானே எழுதுவதுதான் முறை.

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 27. உயரம் 154 செண்டிமீட்டர். அம்மாவும் பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர்கள். விடியுமுன் எழுந்து, வாளியும் கத்தியுமாக மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டத்தின் ஒரு பகுதி தாமானாக, அதாவது குடியிருப்புப் பகுதியாக மாறி, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். மகள் மின்னியல் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறார். வேலை முழுக்க உட்கார்ந்தபடி, பூதக்கண்ணாடிக்குக் கீழே. இந்த மாற்றத்தைச் சொல்லாமல் எங்கள் ஊர்ப் பெண்களின் எடையைப் பற்றிப் பேசவே முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். எங்கள் காத்திருப்பு நாற்காலிகளைப் பார்த்தாலே அது தெரியும்.

இரண்டாவது பிரசவம் 2022 பிப்ரவரி தொடக்கத்தில். கர்ப்பத்தின்போது இனிப்புநீர் (நீரிழிவு) வந்து, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே அடங்கியது. பிரசவத்துக்குப் பின் ஆறாம் வாரத்தில் செய்த சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனை சரியாக இருந்தது: வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 6.8. எடை 61.0 கிலோ. உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவான பிஎம்ஐ 25.7. நம் நாட்டு வழிகாட்டியில் 23-க்கு மேல் அதிக எடை, 27.5-க்கு மேல் உடல் பருமன். ஆக, அவர் தொடங்கும்போதே கோட்டைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தார்.

அடுத்த குழந்தை குறைந்தது மூன்று வருடம் கழித்துத்தான் என்று கணவன் மனைவி இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மாத்திரை வேண்டாம், இரவு ஷிப்டில் மறந்துவிடும் என்றார். பால் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று மாத ஊசி அவருக்கு எல்லா வகையிலும் பொருந்தியது. டெப்போ என்று நாங்கள் சொல்லும் மெட்ராக்ஸிப்ரோஜெஸ்ட்ரோன், 150 மில்லிகிராம். முதல் ஊசியை 2022 மார்ச் 15-இல் போட்டோம். மாதவிடாய் மாறும், நிறுத்திய பிறகு கரு தங்கத் தாமதமாகலாம் என்று சொன்னது குறிப்பில் இருக்கிறது. எடையைப் பற்றிப் பேசியதாக ஒரு வரியும் இல்லை.

கவனித்தவையும் கவனிக்கத் தவறியவையும்

ஜூன் 7-இல் இரண்டாவது ஊசி. எடை 62.5. ஐந்தாம் மாதத்தோடு தாய்ப்பால் நின்றது. அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு.

மூன்றாவது ஊசி ஆகஸ்ட் 30. மறுநாள் மெர்டேக்கா (சுதந்திர தின) விடுமுறை என்பதால் கிளினிக்கில் கூட்டம் நெருக்கியது. எடை போட்டவளும் ஊசி போட்டவளும் நான்தான். 65.4 கிலோ. அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

“மிஸ்ஸி, இந்த ஊசியாலதான் ஒடம்பு ஏறுதா? சாப்ட்டு ஒரு மணி நேரத்துல திரும்பப் பசிக்குது.”

நான் நிமிராமல் சொன்னேன்: “ஊசி எடை போடாதும்மா. டின் பாலைக் குறை. சோத்தைக் குறை. கொஞ்சம் நட.”

அப்படிச் சொல்லத்தான் எனக்குப் பழக்கமாகியிருந்தது. எடை ஏறும் என்று சொன்னால் பெண்கள் ஊசியை விட்டுவிடுவார்கள், விட்டால் அடுத்த வருடமே வயிற்றோடு வந்து நிற்பார்கள் என்ற பயத்தில் வந்த பழக்கம் அது. பயம் நியாயமானதுதான். பதில் சரியில்லை.

அன்று நான் எழுதிய எண்ணுக்குக் கொஞ்சம் மேலே, அதே பக்கத்தில், 61.0 இருந்தது. கழித்துப் பார்த்திருந்தால் 4.4 கிலோ. தொடக்க எடையில் 7 விழுக்காட்டுக்கும் மேல். யாரும் கழித்துப் பார்க்கவில்லை. நாங்கள் ஒவ்வொரு தடவையும் எடை போடுகிறோம், எழுதுகிறோம், அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்.

நவம்பர் 22-இல் 67.6. 2023 பிப்ரவரி 14-இல் 69.8. இந்த இரண்டு தடவையும் அவர் எதுவும் கேட்கவில்லை. குறிப்பில் “புகார் இல்லை” என்று இருக்கிறது. கேட்டதற்குக் கிடைத்த பதிலே வாயடைத்துவிட்டது என்பதை அவர் பின்னால்தான் சொன்னார்.

வீட்டில் வேறு பேச்சு நடந்தது. எட்டாம் மாதத்தோடு மாதவிடாய் நின்றுபோனது. இந்த ஊசியில் அது சாதாரணம், ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நின்றுவிடும். மாமியார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்: கெட்ட ரத்தம் வெளியேறாமல் உள்ளே தங்கி உடம்பை ஊத வைக்கிறது என்று. தோட்டத்து வீடுகளில் இந்த நம்பிக்கை ஆழமானது. கர்ப்பப்பையின் உள்சவ்வு இந்த மருந்தால் மெலிந்தே இருக்கிறது, வெளியேற வேண்டிய ரத்தம் அங்கே சேர்வதே இல்லை என்பதை யாரும் அந்த அம்மாவுக்கு விளக்கவில்லை. நாங்கள்தான் விளக்கியிருக்க வேண்டும்.

திருப்பம்

2023 மே 9. ஆறாவது ஊசிக்கு வந்தவர் உட்கார்ந்ததும் கை நடுங்கியது. நாடித் துடிப்பு 112. ரத்த அழுத்தம் 138/88. எடை 71.6. நெஞ்சு படபடப்பு, இரண்டு வாரமாகத் தூக்கமில்லை என்றார்.

என்ன சாப்பிடுகிறீர்கள், வேறு மருந்து ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது பதில் இல்லை. டாக்டர் வெளியே போன பிறகு அந்தப் பெண் கைப்பையைத் திறந்து எனக்கு ஒரு பாக்கெட்டைக் காட்டினார். மெலிய வைக்கும் கோப்பி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கியது, ஒரு பெட்டி 45 வெள்ளி (ரிங்கிட்). ஒரு மாதமாகக் காலையில் அதைக் குடித்துவிட்டுப் பசியாறாமலே பஸ் ஏறியிருக்கிறார்.

“நீங்கதான் குறைக்கச் சொன்னீங்க மிஸ்ஸி. எனக்குக் குறைக்க முடியல. அதான் இத வாங்குனேன்.”

பாக்கெட்டில் மால் என்று தொடங்கும் மருந்துப் பதிவெண் இல்லை. இப்படி விற்கப்படும் மெலியும் பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. நாடியை ஏற்றும், அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். அந்தப் பாக்கெட்டை எங்கள் மருந்தாளுநரிடம் கொடுத்தோம். கோப்பியை அன்றே நிறுத்தச் சொன்னோம்.

அன்றுதான் நான் அவருடைய கிளினிக் பதிவுப் புத்தகத்தை முன்னால் வைத்து ஆறு எண்களையும் வரிசையாக ஒரு தாளில் எழுதினேன். 61.0, 62.5, 65.4, 67.6, 69.8, 71.6. பதினான்கு மாதத்தில் 10.6 கிலோ. பிஎம்ஐ 30.2. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மூன்றாவது எண்ணின் மேல் விரலை வைத்தார்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்று ஊசி போடவில்லை. கர்ப்பச் சோதனை செய்தோம், இல்லை. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தோம், சரியாக இருந்தது. கர்ப்பகால இனிப்புநீர் இருந்தவர் வருடம் ஒருமுறை சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனை செய்ய வேண்டும். அவருக்கு ஆறாம் வாரத்துக்குப் பிறகு செய்யவே இல்லை. இது இரண்டாவது தவறு. மே 12-இல் செய்ததில் வெறும் வயிற்றில் 6.0, இரண்டு மணி நேரத்தில் 8.9. நீரிழிவு இல்லை, ஆனால் அதற்கு முந்திய படி.

எடைக்கு ஊசிதான் காரணமா? டாக்டரோடு இதை நீண்ட நேரம் பேசினேன். ஆய்வுகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த ஊசியைப் போலப் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள கருத்தடை முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, பெரும்பாலான ஆய்வுகளில் முதல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் சராசரி ஏற்றம் 2 கிலோவுக்கும் குறைவு என்கிறது. “ஊசி எடை போடாது” என்று நான் சொல்லிவந்ததற்கு இப்படிப்பட்ட சராசரிகள்தான் ஆதாரம். ஆனால் சராசரி எல்லாரையும் கலந்து சொல்வது. அமெரிக்காவில் டெக்சாஸில் செய்து 2009-இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டுக்கொண்ட பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முதல் ஆறு மாதத்தில் தொடக்க எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறியவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். மூன்று வருட முடிவில் அவர்களுடைய சராசரி ஏற்றம் சுமார் 11 கிலோ. மற்றவர்களுக்குச் சுமார் இரண்டரை கிலோ. அதே ஊசி, இரண்டு வேறு கதை. யாருக்கு எந்தக் கதை என்பது ஆறாம் மாதத்திலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

ஏறுவது பெரும்பாலும் கொழுப்புதான். அவருடைய கால்களை அழுத்திப் பார்த்தோம், குழி விழவில்லை. நீர் கோத்த உடம்பில்லை அது. பசி கூடுவதால் ஏறுகிறது என்பது நெடுநாள் கருத்து. இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மெஜெஸ்ட்ராலைப் புற்றுநோயில் மெலிந்துபோனவர்களுக்குப் பசி எடுக்க வைக்கவே கொடுக்கிறார்கள். “சாப்ட்டு ஒரு மணி நேரத்துல திரும்பப் பசிக்குது” என்று அவர் சொன்னதை நான் சோம்பலின் சாக்காக எடுத்துக்கொண்டேன். அவர் ஓர் அறிகுறியைச் சொல்லியிருக்கிறார்.

அதே சமயம் முழுப் பழியையும் ஊசிமேல் போடுவதும் உண்மையாகாது. பாலூட்டல் நின்ற அதே மாதங்களில்தான் இரவு ஷிப்டும் தொடங்கியது. அவரிடம் ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். இரவு வேலையில் மூன்று மணிக்குக் கேண்டீனில் மேகி, டின் பால் ஊற்றிய மைலோ இரண்டு கிளாஸ். காலையில் பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டி சானாய். பகல் தூக்கம் நாலு மணி நேரம், இரண்டு வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் துண்டு துண்டாக. இவற்றில் எது எத்தனை கிலோ ஏற்றியது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பசி கூடிய உடம்பை இரவு மூன்று மணிக் கேண்டீன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கலாம்.

மாற்று முறைகளை மேசைமேல் வைத்துப் பேசினோம், இந்தத் தடவை கணவரையும் கூப்பிட்டு. இரண்டு ஹார்மோன் கலந்த கூட்டு மாத்திரையை டாக்டர் அப்போதைக்கு விரும்பவில்லை: அழுத்தம் கோட்டின் ஓரத்தில் இருந்தது, பிஎம்ஐ 30-ஐத் தாண்டியிருந்தது, இரவு வேலையில் மறதி வேறு. மூன்று வருடம் கைத்தோலுக்கு அடியில் இருக்கும் இம்பிளாண்டும் புரோஜெஸ்டின்தான். இனி எந்த ஹார்மோனும் வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மிஞ்சியது கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி. ஹார்மோன் இல்லாதது, முதல் வருடத்தில் கரு தங்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

காப்பர் டி பற்றி எங்கள் ஊரில் பயம் அதிகம். நெஞ்சுக்கு ஏறிவிடும், கணவருக்குக் குத்தும் என்பார்கள். மாதிரி ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது என்று படம் வரைந்தேன். பயம் வேறு, உண்மையான குறை வேறு என்பதையும் பிரித்துச் சொன்னோம்: மாதவிடாய் கூடுதலாகலாம், வலி கூடலாம், இருபதில் ஒருவருக்குத் தானாக வெளியே வந்துவிடலாம், அரிதாகப் பொருத்தும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழலாம். ரத்தச் சத்து (ஹீமோகுளோபின்) 11.8 இருந்ததால் கொஞ்சம் கவலை. இரும்புச் சத்து மாத்திரை சேர்த்தோம். பிப்ரவரி ஊசியின் பாதுகாப்பு இருக்கும்போதே, மே 16-இல் பொருத்தினோம்.

பின் நடந்தவை

கோப்பியை நிறுத்திய இரண்டு வாரத்தில் நாடி 84, அழுத்தம் 124/80. தூக்கம் திரும்பியது.

எடை அப்படி வேகமாக இறங்கவில்லை. ஜூனில் 70.9, செப்டம்பரில் 69.2, டிசம்பரில் 68.0. மருந்தின் தாக்கம் வடிய மாதக்கணக்காகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் மனம் தளரவில்லை. மாதவிடாய் அக்டோபரில்தான் திரும்பியது, கடைசி ஊசிக்கு எட்டு மாதம் கழித்து. முதல் இரண்டு மாதம் போக்கு அதிகம், பிறகு குறைந்தது. பசி பற்றி ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஆகஸ்ட் வாக்கில், “இப்ப சாப்ட்டா வயிறு நிக்குது மிஸ்ஸி” என்றார்.

தீபாவளிக்குப் பிறகு தொழிற்சாலையில் பகல் வேலைக்கு மாற்றல் கிடைத்தது. மைலோவில் டின் பால் போய் வெறும் பாலானது. தாமானுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைப் பாதையில் மாமியாரும் அவரும் மாலையில் நடக்கத் தொடங்கினார்கள். கெட்ட ரத்தம் பற்றிய விளக்கத்தைக் கேட்டபின் அந்த அம்மாவே தொடங்கிய நடை அது. 2024 மே மாதம் எடை 66.9. சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனை 5.6, 7.4. சரியான அளவுக்குத் திரும்பிவிட்டது. தொடங்கிய 61-க்கு அவர் இன்னும் வரவில்லை. ஊசியை நிறுத்தியதால் எவ்வளவு, வேலை மாறியதால் எவ்வளவு என்று இங்கேயும் பிரிக்க முடியாது.

எதிர்பாராத ஒன்று

இவருடைய ஓரகத்திக்கு வயது 24. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். ஒரு வயதுக் குழந்தை உண்டு. எங்களிடமே கூட்டு மாத்திரை வாங்கிவந்தார். அவருடைய புத்தகத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன்: எடை 55-க்கும் 56-க்கும் நடுவிலேயே நின்றது. 2023 ஜூனில் மாத்திரை வாங்க வரவில்லை. விசாரித்திருக்க வேண்டும், விசாரிக்கவில்லை. அக்டோபரில் பதினோரு வாரக் கர்ப்பமாக வந்தார்.

“அக்காவுக்கு அந்த மருந்தாலதான் குண்டாச்சுன்னு சொன்னாங்க. எனக்கும் ஆயிருமோன்னு பயந்து விட்டுட்டேன்.”

தாமான் முழுக்கப் பேச்சு அப்படித்தான் பரவியிருந்தது: “கிளினிக் மருந்து போட்டா குண்டாயிரும்.” ஊசியும் மாத்திரையும் ஒன்றாகிவிட்டன. உண்மையில் கூட்டு மாத்திரைக்கும் எடைக்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் இல்லை. 2014-இல் புதுப்பித்த காக்ரேன் தொகுப்பு 49 ஆய்வுகளைப் பார்த்தது. அவற்றில் வெற்று மாத்திரையோடோ முறை எதுவும் எடுக்காதவர்களோடோ ஒப்பிட்டவை நாலே நாலு. அவற்றிலும் காரணத் தொடர்பு தென்படவில்லை. எடையைச் சாக்கிட்டு அந்தப் பெண் மாத்திரையை விட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குழந்தையை ஆசையாகத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே அவர்கள் திட்டமிட்ட இடைவெளி போயிற்று, அவர் வேலைக்குத் திரும்பும் திட்டமும் தள்ளிப்போயிற்று.

ஒரு பெண்ணிடம் “எடை போடாது” என்று மழுப்பினேன். அதனால் இன்னொரு பெண் எந்த மருந்தையும் நம்பாமல் போனார். நான் தடுக்க நினைத்தது எதுவோ அதுவே என் பதிலால் நடந்தது.

என்ன மாற்றினோம்

இப்போது முதல் ஊசியன்றே தொடக்க எடையில் 5 விழுக்காட்டைக் கூட்டி, அந்த எண்ணைப் புத்தகத்தின் மேலட்டையில் சிவப்புப் பென்சிலால் எழுதுகிறோம். 61 கிலோ என்றால் 64. பெண்ணிடமும் அந்த எண்ணைச் சொல்கிறோம்: “இதைத் தாண்டினா நீங்களே எங்ககிட்ட சொல்லுங்க.” ஆறாம் மாதத்துக்குள் தாண்டினால் ஊசிக்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஊசியைக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்பதில்லை. தொடர்ந்தால் என்ன ஆகலாம், வேறென்ன இருக்கிறது என்று பேசி அவரே முடிவெடுப்பார். செருப்போடு எடை போடுவதை நிறுத்தினோம். இரண்டு தராசுகளில் ஒன்று முக்கால் கிலோ கூடக் காட்டியது தெரிந்து அதை மாற்றினோம்.

சொல்லும் சொல்லையும் மாற்றினோம். ஊசியால் எடை ஏறும் என்றோ ஏறாது என்றோ ஒரே வரியில் சொல்வதில்லை. நாலு பேருக்குப் போட்டால் மூன்று பேருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஒருவருக்கு ஏறலாம், அது ஆறு மாதத்துக்குள் தெரியும், மாத்திரையும் காப்பர் டியும் வேறு கதை என்கிறோம். பசி எப்படி இருக்கிறது என்ற கேள்வியை எடைக்கு முன்பே கேட்கிறோம். மெலியும் கோப்பி, டீ, மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று கோபமில்லாத குரலில் கேட்கிறோம். கர்ப்பகால இனிப்புநீர் இருந்தவர்களின் புத்தகத்தில் அடுத்த சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனையின் தேதி முன்கூட்டியே எழுதப்படுகிறது. மாத்திரை வாங்க வராதவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் போன் போகிறது.

அச்சடித்த புத்தகத்தில் சிவப்பு எண்ணுக்கென்று ஒரு கட்டம் இல்லை. கையால்தான் எழுதுகிறோம். புதிதாக மாற்றலாகி வரும் தாதிக்கு முதல் நாளே, இந்தப் பெண்ணின் ஆறு எண்களை நான் எழுதிய அந்தத் தாளைக் காட்டுகிறேன்.